தன்னியக்கம் நின்றால் தன்கை வேண்டும்!

தானே இயங்கும் பொறி நன்று. அது நின்றவிடத்து அதனை மீண்டும் இயக்கத் தெரிந்த கை அதனினும் நன்று. ஏனைப் பொறிகளைப் பொறுத்தவரை இவ்வுண்மையை நாம் மறந்தோமில்லை. மின்விசை நின்ற நாளில் உழவன் வாளா இருந்துவிடுவதில்லை; வாய்க்காலைத் திருப்பவாவது மண்வெட்டியை எடுப்பான். மிதிவண்டிச் சங்கிலி கழன்றால் எட்டாம் வகுப்புச் சிறுவனும் அதனை மாட்டிக்கொள்வான். ஆனால், கணிப்பொறி என்று வந்தவுடன், கற்றாரும் கல்லாரும் ஒருபடித்தாகக் கைகட்டி நிற்கின்றனர். "புதுப்பிப்புத் தோல்வியுற்றது, பிறகு முயல்க" என்று திரையில் ஒரு வரி தோன்றுகின்றது. அவ்வளவுதான்! அதற்குமேல் தமக்கொரு கடமையுண்டு என்பதையே மறந்து, அவ்வரியை மூடிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கின்றனர். நாளை வரும், நாளை மறுநாள் வரும் என்று திங்கள் கழிகின்றது, ஆண்டும் கழிகின்றது. கதவின் தாழ் உடைந்து கிடக்கின்றது. வீட்டுக்காரர் உள்ளே உறங்குகின்றார்.

இவ்வுறக்கத்தைக் கலைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இயங்குதளம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை யாம் பழிக்கவில்லை. அஃது இருத்தல் வேண்டும். ஆனால், அது தவறும்போது கையால் புதுப்பிக்கும் வழியை ஒவ்வோர் இல்லத்திலும், ஒவ்வொரு பள்ளியிலும், ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வழியை எளியோர்க்கும் விளங்குமாறு சொல்லுதல் அதனைச் செய்து விற்போரின் கடன். இவ்விரண்டும் இல்லாதவிடத்துத் தன்னியக்கம் என்பது ஏந்தன்று, ஏமாற்றமே.

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் உறுப்புகளையும், அதன்மேல் ஓடும் மென்பொருள்களையும் ஆட்டுவிக்கும் அடிப்படை மென்பொருள். விண்டோசு அத்தகையது, இலினக்சும் அத்தகையது. இவை பல கோடி எழுத்துகளால் மாந்தர் எழுதியவை. மாந்தர் எழுதியவற்றில் பிழையிருத்தல் இயல்பு. அப்பிழைகளுள் சில, கள்வர் நுழையும் ஓட்டைகளாகிவிடுகின்றன. ஓட்டை கண்டறியப்பட்டவுடன் அதனை அடைக்கும் ஒட்டினைச் செய்தவர் வெளியிடுகின்றனர். ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒட்டு வெளிவந்த அன்றே கள்வரும் அதனை இறக்கி ஆராய்கின்றனர். எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கின்றார்கள் என்பதைக் கொண்டே எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதை அறிந்துகொள்கின்றனர். எனவே, ஒட்டு வெளிவந்த பின்னர் அதனைப் போட்டுக்கொள்ளாத கணிப்பொறி, முன்னிருந்ததைவிட மிகுதியான இடருக்கு ஆளாகின்றது. புதுப்பிப்பு என்பது அழகுக்குப் பூசும் சுண்ணாம்பு அன்று; சுவரின் விரிசலுக்கு இடும் காரை.

இதற்குச் சான்று வேண்டுவோர் 2017ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க. அவ்வாண்டு மார்ச்சு 14ஆம் நாள் மைக்ரோசாப்டு நிறுவனம் விண்டோசின் ஓட்டை ஒன்றனை அடைக்கும் ஒட்டினை வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு திங்கள் கழித்து, மே 12ஆம் நாள், அதே ஓட்டையின் வழியே வன்னாக்கிரை என்னும் பணம்பறிக்கும் தீங்கு மென்பொருள் புகுந்தது. 150 நாடுகளுக்கு மேற்பட்ட இடங்களில் கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை நிலைகுலைந்தது. அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் அவ்வாண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, 236 மருத்துவ அமைப்புகளுள் 81 ஏனும் தாக்குண்டன என்று கூறுகின்றது. மருத்துவரைக் காண்பதற்குக் குறித்திருந்த வேளைகளுள் 6,912 கைவிடப்பட்டமை பதிவாயிற்று. உண்மைத்தொகை 19,000க்கும் மேலிருக்கும் என்று கணித்தனர். நோயாளர் திருப்பியனுப்பப்பட்டனர். மருந்தில்லாமல் அன்று, மருத்துவர் இல்லாமலும் அன்று. இரண்டு திங்களாய்க் கிடைத்துக்கொண்டிருந்த ஓர் ஒட்டினைப் போடாமல் விட்டமையால்!

அந்நிகழ்ச்சியில் இன்னொரு பாடமும் உண்டு. விண்டோசு எக்சுபி என்னும் பழைய இயங்குதளத்திற்குரிய பேணுகை 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆம் நாளுடன் முடிந்திருந்தது. ஆயினும், தாக்குதலின் கடுமையைக் கண்டு அதற்கும் ஓர் ஒட்டினை மைக்ரோசாப்டு வெளியிட்டது. அவ்வொட்டு, வேண்டுவோர் தேடிச்சென்று தம் கையால் இறக்கிப் போட்டுக்கொள்ளும்படி வைக்கப்பட்டது. கைவழி தெரிந்தவன் பிழைத்தான்; தெரியாதவன் தானே வரும் என்று காத்திருந்தான்.

தன்னியக்கப் புதுப்பிப்பு எங்ஙனம் வந்தது என்பதையும் சுருங்கக் காண்போம். 1998ஆம் ஆண்டு விண்டோசு 98 வந்த காலத்தில், பயன்படுத்துவோர் தாமே ஒரு வலைத்தளத்திற்குச் சென்று வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்து இறக்கிக்கொண்டனர். 2000ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோசு மீ என்னும் பதிப்பில்தான் கணிப்பொறி தானே தேடி இறக்கும் ஏற்பாடு வந்தது. 2003 அக்டோபர் முதல், ஒவ்வொரு திங்களும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஒட்டுகளை ஒருங்கே வெளியிடும் வழக்கம் தொடங்கிற்று. 2015ஆம் ஆண்டு வந்த விண்டோசு 10 அதனை இல்லப் பயன்படுத்துவோர்க்கு ஏறத்தாழக் கட்டாயமாக்கியது. இதனால் விளைந்த நன்மை பெரிது, மறுப்பார் இலர். கோடிக்கணக்கான மாந்தர் தாம் அறியாமலே காக்கப்பட்டனர். ஆனால், அறியாமலே காக்கப்படுவோர் தம் காவல் நின்றுவிட்டதையும் அறியாமலே இருப்பர் என்னும் மறுபக்கத்தை எவரும் எண்ணிலர்.

தன்னியக்கம் எவ்விடத்தில் தவறுகின்றது? அதன் நடையை அறிந்தால் இது தெற்றென விளங்கும். முதலில் கணிப்பொறி செய்தவரின் வழங்கியோடு தொடர்பு கொள்கின்றது. இரண்டாவதாக, தனக்கு வேண்டியவை எவை என்று ஒப்பிட்டுப் பார்க்கின்றது. மூன்றாவதாக, அவற்றை இறக்கி ஒரு கோப்புறையில் சேர்க்கின்றது. நான்காவதாக, அவை செய்தவரின் கையொப்பமுடைய மெய்ம்மையான கோப்புகளே என்று சரிபார்க்கின்றது. ஐந்தாவதாக, பழைய கோப்புகளை நீக்கிப் புதியவற்றை வைத்து, மறுதொடக்கத்தின்போது வேலையை முடிக்கின்றது. இவ்வைந்தும் ஒரு சங்கிலி. கணிப்பொறியின் நாளும் நேரமும் பிழையாக இருந்தால் முதற்கண்ணியே அறும். ஏனெனில், வழங்கியின் சான்றிதழ் காலங்கடந்ததென்றோ காலம் வாராததென்றோ பொறி கருதிவிடும். வட்டில் இடமில்லையாயின் மூன்றாம் கண்ணி அறும். இறக்கிய கோப்புச் சிதைந்திருந்தால் நான்காம் கண்ணி அறும். இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகளே பழுதுற்றிருந்தால் ஐந்தாம் கண்ணி அறும். எக்கண்ணி அறுந்தாலும் நம் கண்ணுக்குத் தோன்றுவது ஒரே வரிதான்: "தோல்வியுற்றது."

நம் பள்ளிகளின் கணிப்பொறியறைகளை நோக்குக. கோடை விடுமுறை முழுதும் அணைந்து கிடந்த இருபது பொறிகளை ஒரு காலையில் ஒருங்கே திறக்கின்றோம். இருபதும் பல திங்களுக்குரிய புதுப்பிப்புகளை ஒரே நேரத்தில் ஒரே மெல்லிய இணைய இணைப்பின் வழியே இழுக்கத் தொடங்குகின்றன. ஒன்றும் முடிவதில்லை. பாடவேளை தீர்ந்து மணி அடிக்கின்றது. ஆசிரியர் மின்விசையை அணைத்துவிடுகின்றார். பாதியில் அணைத்ததே அடுத்த நாட்பழுதுக்கு வித்தாகின்றது. இது பொறியின் குற்றமன்று. ஆசிரியர் குற்றமும் அன்று. அவருக்கு அவ்வழி கற்பிக்கப்படாமையின் குற்றம். அறிந்த ஒருவர் இருந்தால், வேண்டிய ஒட்டினை ஒரேயொரு முறை இறக்கி, ஒரு விரலியில் படியெடுத்து, இருபது பொறிகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுவிடுவார். இருபது மடங்கு இழுக்க வேண்டியதை ஒரு மடங்கில் முடிப்பார்.

"இவையெல்லாம் பழைய பொறிகளின் நோய், இன்று செய்தவரே யாவற்றையும் பார்த்துக்கொள்கின்றனர்" என்பார்க்கு 2024 சனவரியில் நிகழ்ந்ததனைக் கூறுவோம். அத்திங்கள் 9ஆம் நாள் விண்டோசு 10க்குக் கே.பி. 5034441 என்னும் எண்ணுடைய காப்பு ஒட்டு ஒன்று வெளியிடப்பட்டது. வட்டினைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் என்னும் ஏற்பாட்டை, பொறியைக் கையில் வைத்திருப்பவன் புறங்கடந்து செல்ல இடந்தரும் ஓட்டையை அடைப்பது அதன் பணி. அஃது அமைய வேண்டிய இடம், பழுதுற்ற காலத்தில் பொறியை மீட்பதற்கென வட்டில் ஒதுக்கப்பட்ட மீட்புப் பகுதி. அதில் 250 மெகாபைட்டு வெற்றிடம் வேண்டும். ஆனால், மிகப் பல கணிப்பொறிகளில் அப்பகுதி அதற்குப் போதிய அளவினதாக இல்லை. ஆதலால், ஒட்டு ஒவ்வொரு முறையும் வந்து முட்டித் திரும்பிற்று. அப்போது திரையில் தோன்றியது, 0எக்சு80070643 என்னும் எண். அவ்வெண்ணின் பொருள், "நிறுவுதல் தோல்வி" என்பதே. தோல்வி என்பதற்குப் பொருள் தோல்வி! உண்மையில், "இடம் போதவில்லை" என்னும் செய்தியே தோன்றியிருக்க வேண்டும். பிழையறிவிக்கும் பகுதியிலேயே பிழையிருந்தமையால் வேறெண் தோன்றியது என்று மைக்ரோசாப்டே ஒப்புக்கொண்டது. மருந்தும் சேரவில்லை, நோயின் பெயரும் மாற்றிச் சொல்லப்பட்டது.

பிறகு என்ன செய்தனர்? கையால் செய்யும் வழியை வெளியிட்டனர். கட்டளைச் சாளரத்தைத் திறந்து, மீட்பு ஏற்பாட்டை நிறுத்தி, வட்டின் முதன்மைப் பகுதியை 250 மெகாபைட்டு சுருக்கி, பழைய மீட்புப் பகுதியை அழித்து, பெரிதாக ஒன்றைப் படைத்து, ஏற்பாட்டை மீண்டும் இயக்குக என்பது அவ்வழி. ஓரெண்ணைப் பிழையாகத் தட்டினால் வட்டிலுள்ள எல்லாம் அழியக்கூடிய வேலை! தானே சரிசெய்யும் தீர்வொன்று பின்னர் வரும் என்று பலர் காத்திருந்தனர். அவ்வாண்டிலேயே, அத்தகைய தன்னியக்கத் தீர்வு வாராது. கையாலேயே முடிக்க வேண்டும் என்று அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, "நீங்கள் ஒன்றும் அறிய வேண்டா, யாமே பார்த்துக்கொள்வோம்" என்று பயிற்றியவர்கள், ஒருநாள் திடீரென, "நீங்களே வட்டினைப் பகுத்துக்கொள்க" என்று சொன்னால் அஃது எவ்வகை முறை? நீந்தக் கற்பிக்காமல் ஓடத்தில் ஏற்றிச்சென்று, நடுவாற்றில் இறங்கச் சொல்வதன்றோ அது?

அவ்வாண்டே சூலை 19ஆம் நாள் நடந்தது மற்றொரு வகை. முன்னதில் தன்னியக்கப் புதுப்பிப்பு உள்ளே நுழைய முடியவில்லை. இதில் நுழைந்து வீட்டையே சாய்த்தது. கிரவுடுசுட்ரைக்கு என்னும் காப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்குத் தானாகச் செல்லும் புதுப்பிப்பொன்றை அனுப்பியது. இஃது இயங்குதளப் புதுப்பிப்பன்று. எனினும் இயங்குதளத்தின் அடிமடியில் இயங்குவதாகலின், அதிலிருந்த பிழை விண்டோசையே வீழ்த்தியது. 78 மணித்துளிகளில் அதனைத் திரும்பப் பெற்றனர். அதற்குள் ஏறத்தாழ 85 இலக்கம் கணிப்பொறிகள் நீலத்திரையோடு நின்றன என்று மைக்ரோசாப்டு கணித்தது. வானூர்திகள் பறக்கவில்லை, மருத்துவமனைகளும் வைப்பகங்களும் தடுமாறின. இந்திய வானூர்தி நிலையங்கள் சிலவற்றில் ஏறுசீட்டுகளைத் தாளில் கையால் எழுதிக் கொடுத்தனர். விழுந்த பொறிகள் எங்ஙனம் எழுந்தன? மிகப்பலவற்றைப் பொறுத்தவரை, ஓர் ஆள் ஒவ்வொரு பொறியின் முன்னும் அமர்ந்து, காப்புநிலையில் அதனைத் தொடங்கி, 291 என்னும் எண்தாங்கிய கோப்பினைத் தேடி அழித்து, மறுதொடக்கம் செய்தார். பூட்டிய வட்டாயின் 48 இலக்கமுடைய மீட்புத் திறவெண்ணையும் தட்ட வேண்டியிருந்தது. அத்திறவெண்ணை எழுதிவைக்காதவர் பாடு பெரும்பாடாயிற்று. தன்னியக்கம் ஒன்றேகால் மணிநேரத்தில் சாய்த்ததைத் தூக்கி நிறுத்த மாந்தர் கைகளுக்குப் பல நாட்கள் பிடித்தன. ஆயினும் தூக்கி நிறுத்தியவை கைகளே என்பதை மறவற்க!

இனி, விண்டோசுக் கணிப்பொறியில் தன்னியக்கப் புதுப்பிப்புத் தவறினால் செய்ய வேண்டுவன யாவை? படிப்படியாகக் கூறுவோம். எளியது முதலில், அரியது இறுதியில். நேரே இறுதிப் படிக்குத் தாவுவது அறிவன்று.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, உங்கள் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைத்துக்கொள்க. இஃது அச்சுறுத்தலன்று. 2018 அக்டோபரில் வெளியிடப்பட்ட விண்டோசு 10 புதுப்பிப்பு, சிலருடைய சொந்த ஆவணங்களையே அழித்துவிட்டது. அதனை நிறுத்திவைத்துத் திருத்தி, நவம்பர் 13ஆம் நாள்தான் மீண்டும் வெளியிட்டனர். வட்டினைப் பூட்டியிருப்போர் மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதி வேறிடத்தில் வைத்துக்கொள்க.

முதற்படி, பார்த்தல். இணைய இணைப்பு உளதா? நாளும் நேரமும் சரியா? முதன்மை வட்டில் பத்து இருபது கிகாபைட்டேனும் வெற்றிடம் உளதா? பின்னர் ஒருமுறை மறுதொடக்கம் செய்க. அணைத்துத் திறத்தல் வேறு, மறுதொடக்கம் வேறு. இற்றை விண்டோசில் விரைவுத் தொடக்க ஏற்பாடு இயங்கும்போது, அணைத்தாலும் உள்ளகம் முற்றும் அணைவதில்லை. மறுதொடக்கத்தில்தான் முழுதும் புதிதாகத் தொடங்குகின்றது. பாதியில் நின்ற புதுப்பிப்புகள் பல இவ்வொரு செயலாலேயே முடிந்துவிடும்.

இரண்டாம் படி, சிதைந்த இறக்கத்தை நீக்குதல். மேலாள் உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, விண்டோசு அப்டேட்டு, பிட்சு என்னும் இரு பின்னணிப் பணிகளை நிறுத்துக. விண்டோசு கோப்புறைக்குள் இருக்கும் சாப்ட்வேர்டிசுட்ரிபியூசன் என்னும் கோப்புறையின் பெயரை மாற்றுக. அழிக்க வேண்டா; பெயரை மாற்றினாற் போதும். நிறுத்திய பணிகளை மீண்டும் இயக்குக. பொறி அக்கோப்புறையைப் புதிதாகப் படைத்துக்கொண்டு, யாவற்றையும் முதலிலிருந்து இறக்கும்.

மூன்றாம் படி, இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்த்தல். இதற்கு இரண்டு கட்டளைகள் விண்டோசிலேயே உள்ளன. டிசம் என்பது கோப்புகளின் சேமிப்பகத்தைச் செப்பனிடும். எசு.எப்.சி. என்பது அச்சேமிப்பகத்தைக் கொண்டு பழுதுற்ற கோப்புகளை மாற்றும். கிடங்கு செப்பமான பின்னரே அதிலிருந்து பண்டம் எடுத்தல் வேண்டுமாகலின், டிசம் முன்னும் எசு.எப்.சி. பின்னும் இயக்குக.

நான்காம் படி, ஒட்டினைக் கையால் கொணர்தல். புதுப்பிப்பு வரலாற்றுப் பக்கத்தில், தவறிய ஒட்டின் கே.பி. எண் காணப்படும். மைக்ரோசாப்டின் புதுப்பிப்புப் பட்டியல் தளத்தில் அவ்வெண்ணைத் தேடி, உங்கள் பதிப்புக்கும் செயலிக்கும் உரியதனை இறக்கி இயக்குக. பள்ளிகளுக்கு யாம் மேலே சொன்ன விரலிவழி இதுவே. செய்தவரின் சொந்தத் தளமன்றி வேறெங்கும் இறக்கற்க! பிழையெண்ணைத் தேடும்போது, "ஒரே சொடுக்கில் யாவும் சரியாகும்" என்று அழைக்கும் தளங்கள் பல எதிர்ப்படும். ஓட்டையை அடைக்கப் போனவன் கள்வனிடமே காரை வாங்கிய கதையாய் முடியும்.

ஐந்தாம் படி, இருந்தபடியே மீள நிறுவுதல். செய்தவரின் தளத்திலிருந்து முழு இயங்குதளத்தின் வட்டுப் படிமத்தை இறக்கி, விண்டோசு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலுள்ள நிறுவியை இயக்கி, "கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்க" என்பதைத் தெரிந்தெடுத்தால், உங்கள் உடைமைகள் அழியாமலே இயங்குதளம் புதிதாகும்.

கைவழி என்றும் பிழையற்றது என்று யாம் கூறவில்லை. 2024 அக்டோபர், நவம்பர்த் திங்கள்களின் ஒட்டுகளைச் சேர்த்துச் செய்த நிறுவல் ஊடகத்தால் விண்டோசு 11இன் 24எச்2 பதிப்பை நிறுவியோரின் பொறிகள், அதன்பின் வரும் காப்பு ஒட்டுகளை ஏற்காமற் போகக்கூடும் என்று மைக்ரோசாப்டே அவ்வாண்டு திசம்பரில் அறிவித்தது. திசம்பர் ஒட்டுடன் கூடிய ஊடகத்தால் மீள நிறுவுவதே அதற்குத் தீர்வாகச் சொல்லப்பட்டது. ஆதலின், கையால் செய்வோரும் கண்ணை மூடிக்கொண்டு செய்தல் கூடாது. செய்தபின் அடுத்த திங்கள் ஒட்டு வந்து சேர்ந்ததா என்று பார்த்தல் வேண்டும்.

இலினக்சு உலகில் கைவழி மறைவானதன்று; அதுவே முதல்வழி. சென்னையிலுள்ள சி-டாக்கு நிறுவனத்தில் உருவான பாசு என்னும் இயங்குதளமும், உபுண்டுவும் தெபியனின் வழிவந்தவை. இவற்றில், பட்டியலைப் புதுப்பிக்க ஒரு கட்டளை, தொகுப்புகளை மேம்படுத்த ஒரு கட்டளை என இரண்டே கட்டளைகள். இடையில் மின்விசை போய் வேலை அறுந்துவிட்டால், அடுத்த முறை அப்பொறி சொல்வதென்ன? "வேலை இடையில் அறுந்தது, இக்கட்டளையை நீர் கையால் இயக்குக" என்று, இயக்க வேண்டிய கட்டளையையே எழுதிக் காட்டுகின்றது. இதனையும், 0எக்சு80070643 என்பதனையும் ஒப்பிட்டுப் பார்க்க. ஒன்று, பயன்படுத்துவோனை அறிவுடையவனாக மதித்து வழி சொல்கின்றது. மற்றொன்று, எண்ணைக் காட்டி வாயை அடைக்கின்றது. இரண்டும் பொறிகளே. வேறுபாடு அவற்றைச் செய்தோரின் உள்ளத்தில் உள்ளது.

"இவை பொறியியல் கற்றோர் வேலை, எளியோர்க்கு எதற்கு?" என்று சிலர் வினவுவர். பொறியாளர் வேண்டா என்று யாம் கூறவில்லை. ஆனால், ஒட்டொன்று தவறியதற்கே, "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும்" என்று கூலி பெற்றுக்கொண்டு, மாணவர் மதிப்பெண் பட்டியல்களையும் பிள்ளைகளின் படங்களையும் துடைத்துவிட்டுத் தரும் பழுது பார்ப்போரும் உளர். முதல் இரண்டு படிகளை அறிந்தவன் அவரிடம் செல்ல வேண்டியதே இராது. ஐந்து படிகளையும் கேள்விப்பட்டவன், "முன்னைப் படிகளைச் செய்து பார்த்தீரா?" என்று அவரை வினவுவான். வினவத் தெரிந்தவனை ஏய்த்தல் அரிது. உடையவன் பாராப் பயிர் ஒரு முழம் கட்டை என்பது உழவர் மொழி.

இன்னும் சிலர், புதுப்பிப்பால் தொல்லை என்று அதனை முற்றாக நிறுத்திவிடுகின்றனர். தாழ் ஓசையிடுகின்றது என்று கதவையே கழற்றி எறிவதற்கு ஒப்பானது இது. வேறு சிலரோ, வாராமையையும் தவறுதலையும் ஒன்றாகக் கருதுகின்றனர். விண்டோசு 10க்குரிய பேணுகை 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. நீட்டிப்புப் பேணுகைக்குப் பதிந்துகொள்ளாத பொறிக்குக் காப்பு ஒட்டு வாராமை பழுதன்று, முடிவு. அதனைக் கட்டளைகளால் தட்டியெழுப்ப இயலாது. விண்டோசு 11ஐ ஏற்கும் தகுதியுடைய பொறியாயின் அதற்கு மாறுக; அத்தகுதி இல்லையாயின், பழைய பொறியிலும் ஓடும் இலினக்சுப் பதிப்பொன்றுக்கு மாறுக. இரண்டுமின்றி இணையத்தில் உலவவிடுவது அறிவன்று.

முடிவாக, மூவர்க்கு மூன்று கடன்கள் உள. இயங்குதளம் செய்து விற்போரே, பழுதின் பெயரை மாந்தர் மொழியில் சொல்லுங்கள். தமிழில் பொறியை விற்கும்போது பழுதறிவிப்பையும் அதனைத் தீர்க்கும் வழியையும் தமிழிலேயே தருதல் முறை. பாடத்திட்டம் வகுப்போரே, எழுத்தடிக்கவும் படம் வரையவும் கற்பிக்கும் கணிப்பொறிப் பாடத்தில், அப்பொறியைப் பேணும் பாடத்திற்கும் பத்து வேளைகள் ஒதுக்குங்கள். சோறு உண்ணக் கற்றவன் அடுப்பு மூட்டவும் கற்க வேண்டாவா?

படிப்போரே, உங்கள் கடன் இன்றே முடியக்கூடியது. கணிப்பொறியின் புதுப்பிப்பு வரலாற்றைத் திறந்து, கடைசியாக வெற்றி என்று குறித்த நாள் எது என்று பாருங்கள். அந்நாள் இரண்டாம் செவ்வாய் ஒன்றைத் தாண்டி முந்தியிருந்தால், தவறியதன் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு முதற்படியிலிருந்து தொடங்குங்கள். பிறர் வந்து சரிசெய்யும்வரை காத்திராதீர்கள். பொறி உங்களுடையது, அதில் உள்ளவை உங்களுடையவை, அதன் தாழைப் போடும் கையும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.